மதத்தை ஒழித்த நாட்டில் சண்டை ஒழிந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதங்களை ஒழித்துவிட்டால் மனிதர்களுக்குள் சண்டை ஓயும் என்ற கருத்தை வலியுறுத்தித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளரின் கோபம் நியாயமானது. 1947இல் பஞ்சாபிலும் வங்காளத்திலும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்களை ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வைத்ததில் மதத்துக்கு இருந்த பங்கை யாராலும் மூடி மறைக்க முடியாது. இன்றும் ஒரு வதந்தியை நம்பிக் கூட்டம் கூடி ஒரு வீட்டைக் கொளுத்தும்போது, பல இடங்களில் அந்தக் கூட்டம் முழங்குவது கடவுளின் பெயரைத்தான். ஆயினும், மதம் போனால் சண்டையும் போகும் என்பதை ஊகமாகவே பேசிக்கொண்டிருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அதைச் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு. கட்டுரையில் அந்நாட்டின் பெயர்கூட இடம்பெறாதது எனக்கு வருத்தம் அளித்ததால் இதை எழுதுகிறேன்.

தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள அல்பேனியாவில் 1967 தொடங்கி 1990 வரை எல்லா மதங்களும் அரசால் தடைசெய்யப்பட்டிருந்தன. தடைக்கு முன் அந்நாடு எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 20 விழுக்காட்டினர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், 10 விழுக்காட்டினர் கத்தோலிக்கர்கள். இத்தனை பிரிவினர் கலந்து வாழ்ந்தும், அண்டை நாடுகளில் நடந்தது போன்ற மதக் கலவரங்கள் அங்கே அரிது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை உள்ளே வந்தபோது, முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் யூதர்களைத் தங்கள் உறவினர் என்று சொல்லி, உள்ளூர் உடை அணிவித்து, வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றின. அடைக்கலம் என்று வந்தவரை உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டும் என்ற ‘பெசா’ எனும் மரபும், அவரவர் நம்பிக்கையும் அவர்களுக்குத் துணிவு தந்தன. போர் முடிந்தபோது அல்பேனியாவில் இருந்த யூதர்களின் எண்ணிக்கை, போருக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த ஐரோப்பிய நாடுகளில் இப்படிச் சொல்லத்தக்கவை மிக அரிது.

அந்த நாட்டில்தான் கம்யூனிஸ்ட் ஆட்சியின் தலைவர் என்வர் ஹோஜா 1967 பிப்ரவரியில் மதத்துக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். இளைஞர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மடங்களும் மூடப்பட்டன. சில இடிக்கப்பட்டன, சில கிடங்குகளாயின. ஷ்கோடர் நகரத்தின் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமாக மாற்றப்பட்டது. பலிபூசை நடந்த கூடத்தில் பந்தாட்டப் போட்டிகள் நடந்தன. 1975இல் வந்த ஓர் ஆணை, மதச் சாயல் கொண்ட பெயர்களை உடையவர்கள் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் வைத்த பெயரைக்கூட ஒருவர் வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. 1976இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு, அரசு எந்த மதத்தையும் ஏற்பதில்லை என்று எழுதியே வைத்தது. சிறை முகாமில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதற்காக ஒரு முதிய கத்தோலிக்கக் குரு 1970களின் தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தையால் எவருக்கு என்ன தீங்கு நேர்ந்திருக்கும் என்று கட்டுரையாளர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் நடந்த பின் அங்கே அமைதி வந்ததா? சோவியத் ஒன்றியத்தோடு 1961இலேயே உறவு முறிந்திருந்தது. அதன் பிறகு ஒரே துணையாக இருந்த சீனத்தோடும் 1978இல் முறிந்தது. எந்நேரமும் எதிரி வருவான் என்ற அச்சத்தில் வயல்களிலும் கடற்கரைகளிலும், இடுகாடுகளை ஒட்டியும்கூட, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கு குழிகள் கட்டப்பட்டன. நாட்டில் வீடுகள் பற்றாக்குறையாக இருந்த காலத்தில் அந்தச் சிமெண்டும் இரும்பும் அப்படிச் செலவாயின. பல்லாண்டுகள் பிரதமராக இருந்த மெஹ்மத் ஷேஹு 1981 டிசம்பரில் இறந்தபோது முதலில் தற்கொலை என்றார்கள். பின்னர் அவரையே அந்நிய நாடுகளின் உளவாளி என்று அறிவித்து, அவருடைய குடும்பத்தினரைச் சிறையில் அடைத்தார்கள். இந்தப் பகைகளில் எதற்கும் மதம் காரணம் இல்லை.

தடை நீங்கிய பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1990 நவம்பரில் ஷ்கோடரில் பொதுவெளியில் பூசை நடந்தது. அதே மாதத்தில் அந்நகரின் பள்ளிவாசலில் தொழுகையும் நடந்தது. இரண்டு மதத்தவரும் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1997இல், போலி நிதி நிறுவனங்கள் சரிந்து மக்களின் சேமிப்பு மூழ்கியபோதுதான் நாடு பற்றி எரிந்தது. இராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட இத்தாலியின் தலைமையில் பன்னாட்டுப் படை வர வேண்டியிருந்தது. ஆட்டை விற்று, வீட்டை விற்று, வெளிநாட்டில் கூலிவேலை செய்து அனுப்பிய பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களின் ஆத்திரம் அது. வடக்கு மலைப்பகுதிகளில் நில எல்லைத் தகராறுகளை ஒட்டிப் பழைய இரத்தப் பழி வழக்கமும் மீண்டும் தலைதூக்கியது. பழி வாங்கியவனும் பலியானவனும் பெரும்பாலும் ஒரே மதத்தவர்களே.

அல்பேனியா சிறிய நாடு, அதன் தலைவர் கொடுங்கோலர், ஆகவே அதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொல்லப்படலாம். அப்படியானால் 1978 டிசம்பர் முதல் 1979 மார்ச் வரை ஆசியாவில் நடந்ததைப் பார்க்கட்டும். பிக்குகளின் காவியைக் களைந்து விகாரைகளை மூடிய, கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சியின் மீது வியட்நாம் படையெடுத்தது. 1979 ஜனவரி 7 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென் வீழ்ந்தது. பிப்ரவரி 17 அன்று சீனா வியட்நாமின் மீது படையெடுத்தது. மூன்றுமே மதத்தை மறுத்த கொள்கையால் ஆளப்பட்ட நாடுகள், மூன்றுமே ஒரே செங்கொடியை ஏந்தியவை.

கட்டாயப்படுத்துவதை நானும் எதிர்க்கிறேன், அறிவூட்டி மதத்தை உதிரச் செய்வதையே சொல்கிறேன் என்று கட்டுரையாளர் விடையளிப்பாரானால், அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அல்பேனியாவில் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்ட அதே 1967இல், அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணந்தவர்களின் திருமணம் செல்லாது என்ற நிலையை 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு உண்டாக்கியிருந்தது. அந்தக் குறையை இச்சட்டம், முன்பு நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து, நீக்கியது. அதற்காக ஒரு கோயிலும் மூடப்படவில்லை. சடங்கு வேண்டும் என்றவருக்குச் சடங்கும், வேண்டாம் என்றவருக்கு அதற்கான உரிமையும் இருந்தன. இத்தகைய வேலையைத்தான் நான் மதிக்கிறேன்.

எனினும், மதப்பிடிப்பு தளர்ந்தாலே மோதல் தளரும் என்று அதைக் கொண்டும் சொல்லிவிட முடியாது. மறு ஆண்டே, 1968 டிசம்பர் 25 இரவில், எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். கொளுத்தியவர்களும் கருகியவர்களும் அரசுப் பதிவேடுகளில் ஒரே மதத்தினர். சாதி மதத்தின் பிள்ளைதானே என்று கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த மதத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும் பல ஊர்களில் தனிக் கல்லறைத் தோட்டம் ஒதுக்கப்பட்டதையும், கடவுள் மறுப்புப் பேசும் வீடுகளிலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சொந்தச் சாதிக்குள்ளேயே நடப்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நிலமும் கூலியும் மண உறவும் யார் கையில் இருக்கின்றன என்பதைத் தொடாமல் சாமியை மட்டும் அப்புறப்படுத்தினால், சாதி வேறு பெயரில் அதே வீட்டில் குடியிருக்கும்.

மதத்தின் பேரால் நடக்கும் வன்முறையைக் குறைக்க வேண்டும் என்று கட்டுரையாளர் மனதாரக் கருதினால், அவர் எழுத வேண்டியது வேறொன்று உண்டு. சுயமரியாதைத் திருமணச் சட்டம் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வருவதால், வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவருக்கு அது உதவாது. அவர்கள் மதம் மாறாமல் மணக்க வேண்டுமானால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும்; ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. இருவரில் ஒருவர் வேறு மாவட்டத்துக்காரர் என்றால் அங்குள்ள அலுவலகத்திலும் ஒட்டப்படும். பெண்ணின் பெயர், பையனின் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்கும். அந்த 30 நாட்களில் வீட்டாரோ வேறு எவரோ தேடி வந்து மிரட்டுவதற்குச் சட்டமே வழி காட்டிக் கொடுக்கிறது. இந்த முன்னறிவிப்பு முறையை நீக்கக் கோரி ஒரு கட்டுரை எழுதுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவாரூர்.