பீனிக்ஸ் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உனக்கு பீனிக்ஸில் வேலை கிடைத்த செய்தி கேட்டதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 2026 நவம்பர் 3 தேர்தல் வரைக்கும் டெமாக்ரடிக் கட்சிக்காக வீடு வீடாகப் போய், இளைஞர்களையும் ஹிஸ்பானிக் குடும்பங்களையும், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினரையும், ஓட்டுப் போட வைக்கிற வேலை. எனக்கும் பெருமைதான். ஆனால் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய்: "இவங்க ஓட்டெல்லாம் நமக்கு வர வேண்டியதும்மா, 2024-ல கைவிட்டுட்டாங்க." அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

யாருடைய ஓட்டும் எந்தக் கட்சிக்கும் வர வேண்டிய பாக்கி கிடையாது. அந்த நினைப்போடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், கதவைத் திறப்பவருக்கு அது உன் முகத்திலேயே தெரிந்துவிடும்.

நம் டெக்சாஸில் ஸ்டார் கவுண்டியை, அதாவது அந்த மாவட்டத்தை, எடுத்துக்கொள். நம் சான் அன்டோனியோவிலிருந்து தெற்கே நாலு மணி நேரப் பயணம், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர்கள். அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். 2016-ல் டெமாக்ரடிக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு 79 சதவீதம் ஓட்டு விழுந்த இடம். 2020-ல் பைடனுக்கு 52 ஆனது. 2024-ல் ட்ரம்ப் சுமார் 58 சதவீதத்தோடு ஜெயித்தார். 1892-க்குப் பிறகு அந்தக் கவுண்டியில் ஒரு ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. இது ஒரே ராத்திரியில் நடந்ததில்லை, பாரு. எட்டு வருஷமாகச் சரிந்துகொண்டே வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அந்த மக்களுக்கு என்ன ஆனது என்று டிவியில் கேட்டார்கள். என் பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சில் பதில் சாதாரணமாக வரும். அங்கே நல்ல சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தருகிற வேலைகள் சில. எல்லைக் காவல் படை அதில் ஒன்று, எண்ணெய் வயல் இன்னொன்று. இரண்டையும் பற்றி டெமாக்ரடிக் மேடைகளில் குறைசொல்லிப் பேசுகிற தொனி அந்த வீடுகளில் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார். அப்புறம் முட்டை விலை, வாடகை, பெட்ரோல். ஞாயிற்றுக்கிழமை சர்ச். இத்தனைக்கும் மேலே, பல வருஷமாக யாரும் அவர்கள் வீட்டுப் பக்கம் வந்து ஓட்டுக் கேட்கவே இல்லை, எப்படியும் நமக்குத்தானே என்று. அவர்கள் எடுத்த முடிவு எனக்கு உடன்பாடானதா என்பது வேறு விஷயம். அது முடிவுதான், ஏமாந்ததோ துரோகமோ இல்லை. அதே தேர்தலில், அதே தெற்கு டெக்சாஸில், ட்ரம்ப் ஜெயித்த தொகுதிகளிலேயே ஹென்றி குவேயாரும் விசென்டே கொன்சாலஸும் டெமாக்ரடிக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானார்கள். ஒரே ஓட்டுச்சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி என்று குறித்தவர்கள் கணிசம். அப்படிக் குறிப்பவர்கள் யோசிக்காமல் போட்டிருப்பார்களா?

நீ போகிற அரிசோனாவிலும் இதுதான் நடந்தது. ட்ரம்ப் ஜெயித்தார், செனட்டுக்கு டெமாக்ரடிக் கட்சியின் ரூபன் கயேகோ ஜெயித்தார்.

இளைஞர்களையும் இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். முப்பது வயதுக்குக் கீழே என்றால் டெமாக்ரடிக் என்று எழுதி வைத்துவிடலாம் என்பது போல. 2020-ல் அந்த வயதினரிடம் பைடனுக்கு இருபது புள்ளிகளுக்கு மேல் முன்னிலை இருந்தது. 2024-ல் ஹாரிஸுக்கு அது வெகுவாகச் சுருங்கிப்போனது. இளம் பெண்கள் ஒரு பக்கமும் இளம் ஆண்கள் இன்னொரு பக்கமும் பிரிந்து நின்றார்கள். என் வகுப்பிலேயே அதைப் பார்க்கிறேன். இரட்டைப் பிள்ளைகள், அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி, மதியம் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.

இந்த இரண்டு கூட்டத்தையும் நீ தனித்தனியாக எழுதி வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நிறையவே கலந்த கூட்டம். 2018 கணக்கெடுப்பை வைத்து பியூ ஆய்வு மையம் ஒன்றைச் சொன்னது: அமெரிக்காவில் வெள்ளையர்களில் மிக அதிகமானோர் இருந்த வயது 58, ஹிஸ்பானிக் மக்களில் 11. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது பத்தொன்பது. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள் புதிதாக ஓட்டுரிமை பெறுகிறார்கள், பெரும்பாலும் பதினெட்டு தொடுகிற பிள்ளைகள்தான். 2024-ல் ஓட்டுப் போடத் தகுதியான ஹிஸ்பானிக் மக்கள் சுமார் 3.6 கோடி, அதில் பத்துக்கு மூன்று பேர் முப்பது வயதுக்குள். அரிசோனாவில் ஓட்டுப் போடத் தகுதியானவர்களில் நாலில் ஒருவர் ஹிஸ்பானிக். ஆனால் தகுதி இருப்பவர்கள் எல்லாம் வந்துவிடுவதில்லை. 2020-ல் வெள்ளையர்களில் 71 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், ஹிஸ்பானிக் மக்களில் 54 சதவீதம்தான். உன் வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. யார் பக்கம் மாறினார்கள் என்று பேசுகிற அளவுக்கு, வராதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் ஊரில் இதை முதலில் புரிந்துகொண்டவர் வில்லி வெலாஸ்கெஸ். 1974-ல் இங்கே சான் அன்டோனியோவில் தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினார். 'சு வோட்டோ எஸ் சு வோஸ்', உங்கள் ஓட்டு உங்கள் குரல் என்பதுதான் அவர்கள் முழக்கம். வெள்ளை மாளிகையைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அது ஓடியிருக்காது. பள்ளி வாரியம், நகர மன்றம், கவுண்டி என்று கீழிருந்து பிடித்தார்கள். ஹிஸ்பானிக் மக்கள் வாழ்கிற மேற்குப் பகுதியில் அப்போதெல்லாம் மழை பெய்தால் தெருவில் வெள்ளம், வடிகால் கிடையாது. அதே 1974-ல் இங்கே தொடங்கிய காப்ஸ் என்ற மக்கள் அமைப்பு அந்த வடிகாலுக்காகத்தான் முதலில் போராடியது. உறுப்பினர்களை நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற முறை போய், வட்டாரத்துக்கு ஒருவர் என்று 1977-ல் மாறியதும் நகர மன்றத்தின் முகமே மாறியது. 1981-ல் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். வெலாஸ்கெஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 1988-ல் நாற்பத்து நாலு வயதில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ஆசை.

கிரிஸ்டல் சிட்டி கதை அதைவிடப் பிடிக்கும் எனக்கு. கீரை விளைகிற சின்ன ஊர், இங்கிருந்து தென்மேற்கே. 1969 டிசம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பள்ளியில் பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள், ஆனால் சியர்லீடர் குழுவில் அவர்களுக்கு ஒரே ஓர் இடம். அதுதான் தீப்பொறி. அப்போது ஓட்டுப் போடும் வயது இருபத்தொன்று, அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் அந்தப் போராட்டம் பெற்றோர்களையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற வேலை வேகம் பிடித்தது. அடுத்த ஏப்ரலில் ரசா உனிடா என்ற புதுக் கட்சி பள்ளி வாரியத்திலும் நகர மன்றத்திலும் ஜெயித்தது. ஓட்டு இல்லாத பிள்ளைகள் தொடங்கி வைத்தது அத்தனையும். பதினெட்டு வயதுக்கு ஓட்டுரிமை தந்த அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தம் 1971-ல்தான் வந்தது.

வந்த பிறகும் சும்மா கிடைத்ததா? ஹூஸ்டன் பக்கம் வாலர் கவுண்டியில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்கள் படிக்கிற இடம். உனக்கு இங்கே சொந்தச் சொத்து உண்டா, படிப்பு முடிந்தும் இங்கேயே இருப்பாயா என்றெல்லாம் கேள்வித்தாள் கொடுத்து மாணவர்களைப் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது நின்றது. இன்றைக்கும் நம் டெக்சாஸில் ஓட்டுச்சாவடியில் துப்பாக்கி உரிமம் அடையாள அட்டையாகச் செல்லும், கல்லூரி அடையாள அட்டை செல்லாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

அரிசோனாவில் நீ இன்னொன்றைக் கவனி. அங்கே மாநிலத் தேர்தல்களில் ஓட்டுப் போட குடியுரிமைச் சான்று கேட்பார்கள். சான்று காட்டாதவர்களுக்குக் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டு. அப்படிப்பட்டவர்களில் கல்லூரி வளாகங்களில் இருக்கிற பிள்ளைகள் அதிகம். பிறப்புச் சான்றிதழ் ஊரில் அம்மாவிடம் இருக்கும். இந்த வருஷம் கவர்னர் தேர்தலும், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் தேர்தலும் நடக்கின்றன, இரண்டுமே அந்தப் பிள்ளைகளின் ஓட்டுச்சீட்டில் வராது. ஆகவே பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று விட்டுவிடாதே, அம்மாவுக்குப் போன் போடச் சொல். போன முறை, 2022-ல், அட்டர்னி ஜெனரல் பதவி எத்தனை ஓட்டில் முடிவானது தெரியுமா? இருபத்தைந்து லட்சம் ஓட்டு எண்ணி, மறு எண்ணிக்கையும் முடிந்து, 280 ஓட்டு. ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் இருப்பவர்கள் அவ்வளவுதான்.

இங்கே பதினேழு வயது பத்து மாதம் ஆனால் பதிவு செய்யலாம். நான் கவுண்டியில் அனுமதி வாங்கிய தன்னார்வப் பதிவாளர் என்பது உனக்குத் தெரியும். எந்தக் கட்சி என்று நான் கேட்கக் கூடாது, கேட்கவும் விரும்பவில்லை. படிவத்தை நிரப்பிவிட்டு "மிஸ், என் வீட்டுல யாரும் போட்டதில்ல" என்று சொல்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது உன் தெருவில் என்ன சரியில்லை என்பதைத்தான். பதில் உடனே வரும்: பஸ் வராது, அப்பாவுக்கு ஓவர்டைம் கிடையாது, தாத்தாவின் மருந்து விலை. அதற்குப் பிறகு யார் அந்தப் பதவியில் இருக்கிறார்கள், அது எந்தத் தேர்தலில் வரும் என்று காட்டுகிறேன். நீ கட்சி வேலைக்குப் போகிறாய், உனக்கு வேட்பாளர் பெயர் சொல்ல வேண்டியிருக்கும், சரி. ஆனால் முதல் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொல்.

2024-ல் போனவர்கள் இனி அந்தப் பக்கம்தான் என்று ரிபப்ளிகன்கள் நம்பினால் அதுவும் இதே கணக்குதான். போன வருஷம் டெக்சாஸ் சட்டமன்றம் ஐந்து காங்கிரஸ் இடங்களைக் குறிவைத்துத் தொகுதிகளை மாற்றி வரைந்தபோது, தெற்கே 2024 ஓட்டு அப்படியே நிற்கும் என்பதை நம்பித்தான் கோடு போட்டார்கள். ஆனால் நியூ ஜெர்சியில் ஹிஸ்பானிக் மக்கள் நிறைந்த பசேயிக் கவுண்டியைப் பார்: 2024-ல் ட்ரம்ப் பக்கம் போனது, 2025 நவம்பரில் டெமாக்ரடிக் கட்சியின் மிக்கி ஷெரில் கவர்னராகத் தேர்வானபோது பெரிய வித்தியாசத்தில் திரும்பியது. அதே நாளில் நியூயார்க்கில் முப்பத்து நாலு வயது சோரான் மம்தானியை மேயராக்கியதில் இளைஞர்களின் பங்கு பெரிது. அவர்கள் பேசியதும் வாடகையும் மின்கட்டணமும்தான்.

உன் மேலதிகாரிகள் உனக்குக் கொடுக்கிற பட்டியலில், போன தேர்தல்களில் ஓட்டுப் போடாதவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது, செலவு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். முடிந்தால் அந்த வீடுகளையும் கேட்டு வாங்கு. ஸ்பானிஷ் பேசுகிற ஆளோடு ஜோடியாகப் போ. உன் பள்ளிக்கூட ஸ்பானிஷ் சாப்பாட்டு வரைக்கும்தான் தாங்கும். பாட்டிமாரிடம் உட்கார்ந்து பேசு, பேரப்பிள்ளை ஓட்டுப் போட்டானா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் வரைக்கும் பீனிக்ஸில் வெயில் கொளுத்தும், மதியத்தில் நடக்காதே. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் வெளியே கிளம்பாதே. அரிசோனாவில் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 29 நாள் முன்பு, அதற்கு முந்தின வாரம் அப்பா லீவு போட்டு உன்னோடு வந்து கதவு தட்டுவதாகச் சொல்கிறார். எண்ணி முடிக்க அங்கே பல நாள் ஆகும், அதனால் டிக்கெட்டை நவம்பர் நடுவில் போடு. வரும்போது எந்தெந்த வீட்டில் என்னென்ன சொன்னார்கள் என்று குறித்துக் கொண்டு வா, எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா