மிஸ் எழுதிய 'எஸ்'

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதுமுன், முன்னேற்ற அறிக்கையில் கணிதத்துக்கு நேரே மிஸ் பென்சிலால் 'எஸ்' (சித்தியில் கடைசிப் படி) என்று எழுதி அனுப்பினார். "இவ்வளவுதான் வரும்" என்றாராம். வந்ததோ அதைவிட இரண்டு படி மேலான 'பி'. ஆனால் அந்த மூன்று மாதமும் பிள்ளை கணிதக் கொப்பியைத் தொட்டாலே அழுதாள்.

பிரித்தானியாவில் ஆசிரியர்களின் எதிர்வுகூறலைப் பார்த்தே பல்கலைக்கழகங்கள் நிபந்தனையுடன் இடம் தருகின்றன. அங்கே 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், உயர்தரத்தில் சொன்னபடியே பெற்றவர்கள் 16 வீதம்தான். 75 வீதமானோருக்குக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் குறைத்துச் சொல்வதுதான் பழக்கம்போல!

தவணைப் புள்ளியையும் இறுதிப் பெறுபேற்றையும் பாடசாலைகள் அருகருகே வைத்து ஒருதரம் பார்க்கலாமே. பென்சிலை எடுக்குமுன் பார்த்தால் இன்னும் நல்லது.

ஒரு தாய்,
களுவாஞ்சிகுடி.