144 ஹெர்ட்ஸும் அறுந்த சீலும்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆடியோ உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சினன். "சிம்மக்கல்ல மாடிக் கடையில 144 ஹெர்ட்ஸ்னு சொல்லி 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைத் தலையில கட்டிட்டாங்க, பெட்டியில சீலும் அறுந்து கெடந்துச்சு, பழசைப் புதுசுன்னு வித்துட்டாங்க" என்று போகிறது. (ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு செகண்டில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்கிற கணக்கு.) கடைப் பெயர் சொல்லவில்லைதான். மதுரை சிம்மக்கல், மாடி, கம்ப்யூட்டர் கடை என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு?

வாங்கிய தம்பி திருமங்கலம் பக்கம். கோபத்தில் பேசியிருக்கிறார், அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் சி.பி.யூ.வை அப்பாவின் பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கேபிளை மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் சொருகியிருக்கிறார். கீழே, படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழைய போர்டின் எச்.டி.எம்.ஐ. வழியாக 144 வரவே வராது. மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், கட்டிய கம்பி கூடப் பிரிக்காமல், பெட்டிக்குள் தெர்மாகோலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து கார்டில் சொருகினோம். அப்போதும் 60தான். ஏனென்றால் விண்டோஸ் பல நேரம் தானாக 60ஐயே பிடித்துக்கொள்ளும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நாம்தான் 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததும் மவுஸை வட்டமாகச் சுற்றச் சொன்னேன். 60ல் சுற்றும்போது அம்புக்குறி இடைவெளி விட்டு விட்டுத் தாவும். 144ல் அதே வட்டம் நெருக்கமாக, கோலப் புள்ளி வைத்த மாதிரி வரும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி செகண்ட் இருந்தது 7க்கும் கீழே இறங்கிவிடுகிறது, கண்ணுக்கே தெரியும். தம்பி பார்த்தார், சிரித்தார், "சாரிண்ணே" என்றார், டீ குடித்துவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், ஆடியோ போகவில்லை.

சரி, அதைக்கூட விடலாம். என்னைக் குத்துவது சீல் விஷயம்தான். பழசைப் புதுசு என்று விற்றேன் என்று ஒரு சொல்! இந்தத் தெருவில் இருந்துகொண்டு அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? ஆமாம், சீலை நாங்கள்தான் அறுக்கிறோம். மறைக்க ஒன்றுமில்லை. சாதாரண 24 இஞ்ச் மானிட்டரில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. அதில் ஒன்று செத்துப்போயிருந்தாலும் நடு ஸ்க்ரீனில் கொசு உட்கார்ந்த மாதிரி கண்ணை உறுத்தும். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் மாற்றித் தர மாட்டார்கள், வாரண்டி தாளில் எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் பெட்டி கடைக்கு வந்ததும் பிரித்து, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து கலரையும் முழு ஸ்க்ரீனில் போட்டு, லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கிறோம். தேறாததை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறோம். தேறியதைத்தான் மறுபடி பிரவுன் டேப் ஒட்டி அடுக்குகிறோம். அப்புறம், சென்னையிலிருந்து லாரியில் ராத்திரி பூரா குலுங்கி வருகிற கண்ணாடிச் சரக்கு இது. சீல் பிரிக்காமல் உசிலம்பட்டிக்குக் கொடுத்தனுப்பி, அங்கே பிரிக்கும்போது விரிசல் இருந்தால் லாரிக்காரரைக் கேட்பதா, என்னைக் கேட்பதா, உங்கள் வீட்டுச் சின்னப் பையனைக் கேட்பதா? பெட்டியில் இருக்கிற சீரியல் நம்பர், மானிட்டர் முதுகில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெட்டியில் பழைய மானிட்டரை வைத்திருந்தால் அது ஒத்துப்போகாது.

இதில் எங்கள் பக்கம் ஒரு குறையும் உண்டு. ஆறு வருஷமாக நம் கடையில் வேலை பார்த்த தம்பி சென்னைக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். நல்லபடியாகப் போனான், மாலை போட்டு அனுப்பினோம். அவன் இருந்தவரை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையால் ஒரு சீட்டு எழுதி வைப்பான்: "கேபிளை கார்டில் குத்தவும், மேலே அல்ல. 144 மாற்றவும். டேப் அறுந்திருந்தால் பயப்படாதீங்க, செக் பண்ணினது." அந்தச் சீட்டை அவன் எழுதுகிறான் என்பதே அவன் போன பிறகுதான் எனக்குத் தெரியும். திருமங்கலம் தம்பியின் பெட்டியில் சீட்டு இல்லை. அது என் தப்புதான், மன்னிக்க வேண்டும். இப்போது பிரிண்ட் அடித்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. "பணம் கொடுக்கிறேன், மானிட்டரைக் கொடுங்கண்ணே, எதுக்கு இத்தனை கேள்வி" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். என்ன கார்டு, என்ன கேம், பி.எஸ்.5 கேம் பெட்டியா கம்ப்யூட்டரா என்று கேட்காமல் எதைக் கொடுப்பது? திரையில் மேலிருந்து கீழாக 1080 புள்ளி வரிசை இருப்பதை விட 1440 வரிசை இருப்பதில் புள்ளிகள் ஒன்றே முக்கால் மடங்கு, 4கே என்றால் நாலு மடங்கு. அத்தனையையும் வரைய வேண்டியது உங்கள் கார்டு. 1650 என்கிற சின்ன கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் கேட்டு வந்த ஒரு அண்ணனைக் கெஞ்சித்தான் 24 இஞ்ச் 1080க்குத் திருப்பினேன், எனக்குத்தான் லாபம் குறைவு. வேலரண்ட் மாதிரி கேமுக்கு அது போதும், ஹெர்ட்ஸ்தான் முக்கியம். 27 இஞ்ச் வேண்டுமென்றால் 1440ஆக வாங்குங்கள், 27ல் 1080 போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது எழுத்து பிசிறடிக்கும். பி.எஸ்.5க்கு 120க்கு மேல் ஹெர்ட்ஸுக்காகக் காசு கொடுப்பது வீண், பி.எஸ்.4க்கு 60 போதும். வளைந்த மானிட்டர் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றில் பெரும்பாலும் வி.ஏ. என்கிற வகைத் திரை. கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் விலை குறைந்தவற்றில் இருட்டுக் காட்சியில் ஆள் ஓடினால் பின்னால் புகை மாதிரி இழுக்கும். என்னைக் கேட்டால் ஐ.பி.எஸ். என்கிற இன்னொரு வகைத் திரையைத்தான் சொல்வேன். புள்ளி நிறம் மாறும் நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கும் 1 மில்லி செகண்டை ரொம்ப நம்ப வேண்டாம், பெரும்பாலும் ஓவர்டிரைவை (புள்ளியை வேகமாக நிறம் மாற்ற வைக்கிற செட்டிங்) உச்சத்தில் வைத்து எடுத்த கணக்கு அது. வீட்டில் அப்படி வைத்தால் ஓரத்தில் வெளிச்சமாக நிழல் அடிக்கும், நடுவில் வையுங்கள்.

விலை ஏறியதைப் பற்றியும் கேட்கிறீர்கள். "ஜி.எஸ்.டி. குறைச்சாங்களே, நீங்க ஏன் குறைக்கலை?" 2025 செப்டம்பர் 22ல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது 32 இஞ்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்குத்தான். நீங்கள் வாங்கும் 24, 27 இஞ்சுக்கெல்லாம் 2019லிருந்தே 18தான். குறைக்க அதில் ஒன்றுமில்லை. அதே வருஷம் டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, நம் சரக்கில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. போன மாதம் எழுதிக் கொடுத்த கொட்டேஷன்களும் அதனால் இனி செல்லாது. வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுக்க இனி 400 ரூபாய்.

அந்த ஆடியோ வந்த நாளிலும் மேலூரிலிருந்து இரண்டு பேர், ஒத்தக்கடையிலிருந்து ஒரு காலேஜ் செட்டே வந்து வாங்கிப் போனார்கள். "கேட்டோம்ணே, அதான் வந்தோம்" என்றார்கள். முதல் பென்டியம் கம்ப்யூட்டரை என்னிடம் வாங்கியவர் இப்போது பேரனுக்கு மானிட்டர் பார்க்க அந்தப் படிக்கட்டு ஏறி வருகிறார், மூட்டு வலியோடு. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வரும்போது சி.பி.யூ.வின் பின்பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், கேள்வி குறையும். சீலை இனி உங்கள் கண் முன்னால்தான் அறுப்போம். ஐந்து கலரையும் நீங்களே பாருங்கள், கால் மணி நேரம் ஆகும். அந்த ஆடியோ உங்கள் குரூப்பில் வந்தால் இதையும் கீழே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிம்மக்கல் மாடிக் கடைக்காரன்