ஐங்கோணம் வரையத் தெரியாத பாட்டிகளுக்காக

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

பெரியவர்களுக்கு ஓர்மை குறைகிறது என்று கூட்டிப்போனால் கையில் கொடுக்கிற சோதனைத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். 1975-இல் அமெரிக்காவில் வெளியான 30 மதிப்பெண் சோதனைதான் இன்றும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். எங்கள் தெருப் பாட்டி அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்புத் தோல் உரித்தே வயதானவர். பேனாவை நீட்டியதும், "எனக்கு இதெல்லாம் தெரியாது மக்ளே" என்று தாளைத் தள்ளிவிட்டார். மார்க் போச்சு. சீட்டில் யார் எத்தனை தவணை பாக்கி என்று கேளுங்கள், நோட்டைப் பார்க்காமல் சொல்வார்! விளவங்கோடு பக்கம், 1956-இல் தமிழகத்தோடு சேரும் முன் மலையாளத்தில் படித்தவர்களிடம் மாதம் கேட்டால், ஆடியைக் கர்க்கடகம் என்பார்கள். அதற்கும் மார்க் உண்டுதானே?

படிப்புக் குறைவு மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் சோதனையே படிப்பைத்தான் கேட்கிறது என்றால் நோய் எது, பள்ளிக்கூடம் போகாதது எது என்று பிரிப்பது எப்படி? 60 தாண்டிய இந்தியர்களில் 7.4% பேருக்கு இந்த நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் கூடுதல். அரியானாவின் பல்லப்கட் பகுதியில், எழுத்தறியாத முதியவர்களுக்கென்றே இந்தச் சோதனையை 1990-களிலேயே இந்தியில் மாற்றியமைத்தார்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி குமரிக்கும் அப்படி ஒன்றைச் செய்யலாம்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். பிரஷரும் சுகரும் மறதிநோய்க்கு வழிவிடுபவை. காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் முதலில் காதையும் கண்ணையும் பார்க்கட்டும். பிறகு கூட இருப்பவரிடம் கேட்கட்டும்: குழம்பில் உப்பை மறுபடி போடுகிறாரா, சில்லறை எண்ணத் தடுமாறுகிறாரா, பழகின வழி தவறுகிறதா? வெள்ளிக்கிழமை கல்ஃபிலிருந்து போன் செய்யும் மகனுக்கு இதெல்லாம் தெரியாது. பத்து நிமிஷப் பேச்சில் அம்மா நன்றாகத்தான் இருப்பார்.

மறதிக்கென்று தனிப் பிரிவு திறந்தால், தயவுசெய்து மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே வைக்காதீர்கள். பேத்திக்குக் கல்யாணம் பேசுகிற வீட்டார் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒருவர்