480 நாள் நோட்டு

சிங்காநல்லூர்,
14-12-2025

அன்புள்ள சுப்பிரமணிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்கு முழங்கால்தான் காரணம் என்று சொல்லலாம், ஆனால் எழுதுவது கைதானே என்று நீ கேட்பாய். சோம்பல்தான். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். நம் மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்புகிறது. கேட் பக்கத்து வேப்பமரத்தை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

உன் அக்கா மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறவன், "சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும், சட்டம் கூடினால் வேலை குறையும்" என்கிறானாம். நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன, "மில் டைம் ஆபீசில் உட்கார்ந்து ஆள் வருகை ரிஜிஸ்டர் எழுதியவன் நீ, உன் அபிப்பிராயம் என்ன" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். பையன் சொல்வதில் பாதி உண்மை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படாதே.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது, உனக்கே தெரியும். அது மஸ்டர் ரோல் என்ற கம்பெனி வருகைப் பதிவேடு இல்லை, அதற்குப் பக்கத்தில் நான் தனியாக வைத்திருந்தது. 1981ஆம் வருஷத்து நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும். அந்த நோட்டில் நிரந்தரமில்லாத ஒவ்வொரு பதிலி ஆளுக்கும் எத்தனை நாள் ஆயிற்று என்று கூட்டி வைப்பது என் வேலை. 460 தாண்டினால் சிவப்பு மை. 470 வந்ததும் மேனேஜரிடம் காட்ட வேண்டும். அடுத்த நாள் அந்த ஆளை "கொஞ்ச நாள் கழித்து வா" என்று கேட்டில் நிறுத்திவிடுவார்கள்.

சிலரைத் திரும்ப எடுத்தோம், வேறு பெயரில். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் ஒரு பையன் இருந்தானே, அறுந்த இழையை ஓட்டத்திலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் சேர்ப்பான், அவன் அண்ணன் பெயரில் மறுபடி வந்தான். சம்பள நாளில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். பக்கத்தில் நிற்பவன் இடித்து, "உன்னைத்தான்டா" என்பான். எல்லோரும் சிரிப்போம், நானும்தான்.

இதைப் பாவமன்னிப்புக்காக எழுதவில்லை. கணக்கைப் பார். கை படிய ஆறு மாதம் ஆகும் வேலை அது. படிந்த கையை 470ஆம் நாள் வெளியே அனுப்பிவிட்டு, புதுக் கைக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தோம். கழிவுப் பஞ்சு கூடியது, நூலில் குறை கூடியது, நூல் வாங்கும் பார்ட்டி திருப்பி அனுப்பினான். முதலாளிக்கு லாபமா நஷ்டமா என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. நிரந்தரம் என்ற வார்த்தைக்குப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்பது 1976இல் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்குத்தான் வந்தது. 1982இல் சட்டத்தைத் திருத்தி 100 ஆக்கினார்கள். பஞ்சு விலை ஏறி நூல் விலை விழுந்த வருஷங்களில், ஓட்டவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நம் முதலாளி திண்டாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் அந்தச் சுவர். காம்பவுண்டுக்குள் குறுக்கே சுவர் எழுப்பி, இரண்டு கம்பெனி என்று பெயர்ப்பலகை வைத்து, ஒவ்வொன்றிலும் நூறுக்குள் ஆள் காட்டினார்கள். பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் பிளோ ரூம் ஒன்றுதான். இந்தப் பக்கம் பஞ்சு உடைத்து அந்தப் பக்கம் நூலாகும். நடுவில் நான் கேட் பாஸ் போடுவேன், பில் போடுவேன். விற்பவனும் நான், வாங்குபவனும் நான். அந்த வேலைக்கே இரண்டு குமாஸ்தா! ஆக, சட்டம் கூடினால் ஆலை சிறுத்துப்போகும் என்று பையன் சொன்னால், ஆமாம், அந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதைப் புத்தகக் கணக்காக்கிப் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதை. பெஸ்லி, பர்ஜஸ் என்று லண்டனிலிருந்து இரண்டு பேர் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1958 முதல் 1992 வரை தொழில் தகராறு சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகத் திருத்திய மாநிலங்களில், பதிவுபெற்ற ஆலைகளில் உற்பத்தியும் முதலீடும் வேலையும் குறைந்தன என்றார்கள். ரொம்ப நாள் அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அப்புறம் ஆதித்ய பட்டாச்சார்ஜி என்ற பொருளாதார ஆய்வாளர், தொழிலாளிக்குச் சாதகம், முதலாளிக்குச் சாதகம் என்று அவர்கள் மாநிலங்களைப் பிரித்த வகைப்பாட்டையே கேள்வி கேட்டார். அதில் முதலாளிக்குச் சாதகமான மாநிலங்களின் வரிசையில் கேரளாவும் இருக்கிறது, தெரியுமா? வாளையார் தாண்டி, சங்கங்கள் வலுவான கேரளாவுக்குள் லாரியில் சுமை இறக்கிய யாரிடமாவது அதைச் சொல்லிப்பார். குஜராத் தொழிலாளிக்குச் சாதகமாம். சட்டத்தின் வரியை எண்ணினால் அப்படித்தான் வரும். கேட்டில் என்ன நடந்தது என்பதை எங்கே எண்ணுவது?

1918இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி ஆலைத் தொழிலாளிகளைச் சேர்த்துச் சங்கம் வைத்த மண் இது. இன்று நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருப்பதும் இந்தத் தமிழ்நாட்டில்தான். சங்கம் வந்தால் ஓடிவிடும் என்றால், இத்தனையும் எப்படி வந்தது என்று பையனைக் கேள். போன வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் முக்கியக் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பதுதான். இந்த ஜனவரியில் பதிவும் கிடைத்துவிட்டது. ஆலை அங்கேயேதான் நிற்கிறது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். ஒரு சித்திரை மாத மத்தியானம் சங்கத்துக்காரனான நீ டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, அந்த நோட்டைக் காட்டு என்றாய். காட்டினால் என் வேலை போய்விடும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நோட்டை மேசைமேல் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ இல்லை. சாயங்காலம் கேட்டில் பார்த்தால், உன் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பேனா மை! வேர்வையில் பாதி எண் அழிந்துபோய், இது 6ஆ 8ஆ என்று என்னிடமே கேட்டாய்.

அந்த எண்களை வைத்துத்தான் அப்புறம் லேபர் ஆபீசர் முன்னால், தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படி சமரச ஒப்பந்தம் ஆனது, முப்பத்தெட்டுப் பேர் நிரந்தரமானார்கள். உன் அக்கா மகனுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்தது. மூன்று வருஷம் கழித்து நூல் மார்க்கெட் படுத்தபோது, முதலாளிக்குப் பேச ஓர் ஆள் இருந்தது. ஆளுக்கு மெஷினில் ஒரு சைடு கூடுதலாகப் பார்க்கிறோம், யாரையும் வெளியே அனுப்பாதே என்று நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். அந்த மில் மேலும் பதினொரு வருஷம் ஓடியது. பதிலிகள் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பேச்சை யாரிடம் பேசியிருப்பார்? சட்டம் இருந்ததுதான், அது என் மேசையில் சிவப்பு மையாக இருந்தது. அதை யாராவது எட்டிப் பார்த்தபோதுதான் இரண்டு பக்கத்துக்கும் பிரயோஜனப்பட்டது.

புதுச் சட்டத்தில் அந்த 100 மறுபடி 300 ஆகிவிட்டது. சுவர் கட்டும் செலவு மிச்சம் என்ற அளவில் நல்லதுதான். எங்கேயோ ஒரு குமாஸ்தா இனி 299 வரை எண்ணுவான். குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் எடுக்கலாம், ஒரு வருஷத்துக்கே கிராஜுவிட்டி உண்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி ஆட்கள் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம், 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது பிடிக்கவில்லை. எண்ணை மாற்றியிருக்கிறார்கள், சரி. நோட்டை எட்டிப் பார்க்கிறவனை ஜன்னலிலிருந்து தள்ளி நிறுத்துகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

முக்கிய விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அண்ணன் பெயரில் வந்த அந்தப் பையன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன பையன், தலை முழுக்க நரை. அவனுடைய ஐந்து வருஷ பி.எஃப். அண்ணன் பெயரில் கிடக்கிறது. அண்ணன் இறந்துவிட்டார். மில்லும் இல்லை, கையெழுத்துப் போட முதலாளியும் இல்லை. அந்தப் பெயரில் வேலை செய்தது இவன்தான் என்று தெரிந்தவர்கள் அபிடவிட் கொடுத்தால் முயற்சி செய்யலாம் என்கிறார் வக்கீல். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பரணில் தேடி எடுத்துவிட்டேன். இன்னொரு சாட்சி வேண்டும்.

ஜனவரி 8க்கு, தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தியாகிகளுக்கு மாலை போட எப்படியும் வருவாய். அன்று ராத்திரி இங்கேயே தங்கு. 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆதார் அட்டை எடுத்து வர மறக்காதே.

அன்புடன்,
உன் டைம் ஆபீஸ்காரன்