ஹென்ஸெல்ட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பியானோ முன்னே நிற்க இசைக்குழு துணை வாசிக்கும் பெரிய படைப்பான பியானோ கான்செர்ட்டோவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சாய்கோவ்ஸ்கி, கிரீக், ராக்மனினாஃப் மூவரையும் இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தீர்கள், நன்றி. கடைசிப் பத்திதான் மனதை உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் மற்ற கான்செர்ட்டோக்கள் எல்லாம் வெறும் விரல் வித்தை, அவை மறக்கப்பட்டதில் நஷ்டமில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர்.

அடால்ஃப் ஹென்ஸெல்ட்டின் எஃப் மைனர் கான்செர்ட்டோவைக் கேட்ட ஒருவரால் அப்படி எழுத முடியாது. ஹென்ஸெல்ட் ஜெர்மானியர், பியானோ கலைஞர், இசையமைப்பாளர். 1838இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவ்வளவு பெரிய கலைஞருக்கு மேடை பயம். முப்பது சொச்சம் வயதிலேயே பொதுக் கச்சேரிகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1845இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் இந்தக் கான்செர்ட்டோவை முதலில் வாசித்தவர் புகழ்பெற்ற பியானோ கலைஞர் கிளாரா ஷூமான்தான். இதன் இரண்டாம் பகுதி மெதுவாக, ஒரு தாலாட்டைப் போலத் தொடங்கும். நடுவில் திடீரென்று இருண்டு, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கனத்த கார்டுகள் (chords) மேலும் கீழுமாக நகரும். ராக்மனினாஃபின் புகழ்பெற்ற சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ படைப்பு தெரிந்தவர்கள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொடர்பு இல்லாமலும் இல்லை. சிறுவன் ராக்மனினாஃப் மாஸ்கோவில் யார் வீட்டில் தங்கிப் பியானோ படித்தானோ, அந்த ஸ்வேரெவ் ஹென்ஸெல்ட்டின் மாணவர். நீங்கள் கொண்டாடும் மரத்துக்கு இதுவும் ஒரு வேர்.

அப்புறம், இப்படி மறக்கப்பட்ட கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்த பியானோ கலைஞர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே! சாய்கோவ்ஸ்கியைக் கற்றுக்கொண்டால் ஆயுள் முழுக்க மேடையில் வாசிக்கலாம். ஹென்ஸெல்ட்டைக் கற்றால்? மாதக்கணக்கில் உழைத்தும், அதை வாசிக்கச் சொல்லிக் கூப்பிட ஓர் இசைக்குழு கிடைப்பது அபூர்வம். தெரிந்தேதான் உழைத்தார்கள். அமெரிக்கப் பியானோ கலைஞர் ஏர்ல் வைல்டின் ஆசிரியர், இன்று அதிகம் கேட்கப்படாத இசையமைப்பாளர் ஷார்வென்காவிடம் பயின்றவர்; வைல்ட் 1969இல் பாஸ்டன் இசைக்குழுவோடு ஷார்வென்காவின் முதல் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். இன்னொரு பியானோ கலைஞர் மைக்கேல் பொன்ட்டி வாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இப்படிப்பட்ட கான்செர்ட்டோக்களை வரிசையாகப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளில் இசைக்குழு சில இடங்களில் மெலிந்து ஒலிக்கும், ஒலிப்பதிவும் சுமார்தான். ஆனால் பொன்ட்டியின் வேகத்திலும் துணிச்சலிலும் ஒரு பசி இருக்கிறது. ஹென்ஸெல்ட்டை முதலில் அவர் வாசித்துத்தான் கேட்டேன். மார்க்-ஆந்த்ரே ஹாம்லின் வாசித்ததைப் பிறகு கேட்டபோது அத்தனை சுரமும் தெளிவாக வந்தது. இருந்தும் பொன்ட்டியை என்னால் விட முடியவில்லை.

லண்டன் ஹைபீரியன் இசைத்தட்டு நிறுவனம் இத்தகைய கான்செர்ட்டோக்களுக்காகவே 1991இல் தொடங்கிய வரிசையில்தான் ஹாம்லினின் அந்தப் பதிவும் வந்தது. மோஷ்கோவ்ஸ்கி, பாதரெவ்ஸ்கி இருவரின் கான்செர்ட்டோக்களோடு பியானோ கலைஞர் பியர்ஸ் லேன் அதைத் தொடங்கிவைத்தார். இன்று 80 தட்டுகளைத் தாண்டிவிட்டது. ஷார்வென்காவின் நான்காவது, எமில் சாவரின் முதலாவது இரண்டையும் ஸ்டீபன் ஹஃப் வாசித்த தட்டு 1996இல் கிராமஃபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவு விருதைப் பெற்றது. பெயரே கேள்விப்படாத இரண்டு கான்செர்ட்டோக்களுக்கு அந்த விருது!

எல்லாமே பொக்கிஷம் என்று வாதிடவில்லை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஹென்றி ஹெர்ஸின் கான்செர்ட்டோக்கள் எனக்கும் அலங்காரமாகத்தான் படுகின்றன. அதற்காக ஹெர்ஸையும் ஹென்ஸெல்ட்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமா?

முன்பெல்லாம் இந்தத் தட்டுகளை விலை கொடுத்து வாங்கினால்தான் உண்டு. 2023இல் ஹைபீரியன், யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு ஸ்ட்ரீமிங்கில் வரத் தொடங்கிவிட்டன. கட்டுரையாளர் ஹென்ஸெல்ட்டின் இரண்டாம் பகுதியை மட்டுமாவது ஓர் இரவு கேட்கட்டும். கேட்டுவிட்டு, விட்டுப்போனவர்களைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அதில் பொன்ட்டியின் பெயரும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர் ஒருவர்