பத்து வாக்கில் கட்டிய கோட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தேர்தல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரை ‘இடதுசாரிகளின் கோட்டை’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. 2024-இல் புரட்டாசி முதல் கார்த்திகை வரை அந்த ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்தவன், பணிக்காலத்தில் பலமுறை வாக்குச்சாவடி அலுவலராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், அந்த வரி எனக்கு உறுத்துகிறது.

2020 கணக்கெடுப்பின்படி பர்லிங்டனின் மக்கள்தொகை 44,743. நம் நெல்லை மாநகராட்சியின் மேலப்பாளையம் மண்டலத்தில் மட்டுமே அதைவிடக் கூடுதலான மக்கள் இருக்கிறார்கள். 1981 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில், ஐந்து முறை வென்றிருந்த ஜனநாயகக் கட்சியின் கார்டன் பக்கெட்டைச் தம்மைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட சுயேச்சை வேட்பாளர் பெர்னி சாண்டர்ஸ் தோற்கடித்தார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு உறுதியான வித்தியாசம் வெறும் 10 வாக்குகள். 2016-இல் ராதாபுரம் தொகுதியில் 49 வாக்கு வித்தியாசத்துக்காகத் தபால் வாக்குகளைத் தூக்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போன மாவட்டத்துக்காரர்கள் நாம். பத்து வாக்கின் எடை நமக்குத் தெரியாததல்ல. அந்த வெற்றியில் கொள்கை இருந்தது உண்மைதான். ஆனால் சொத்து வரியை உயர்த்த முனைந்த மேயர் மீதிருந்த எரிச்சல், வாடகை வீட்டுக்காரர்களின் குறை, காவலர் சங்கத்தின் ஆதரவு ஆகியவையும் சேர்ந்துதான் அவரைக் கரையேற்றின. குடியரசுக் கட்சி அந்த முறை வேட்பாளரையே நிறுத்தவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த மாநிலமும் பரம்பரை இடதுசாரி மாநிலமல்ல. 1856 முதல் 1988 வரை, 1964 நீங்கலாக, எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்த மாநிலம் அது. 1992 முதல்தான் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நிற்கிறது.

மகளுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தேன். அதிபர், செனட்டர், ஆளுநர், மாநிலப் பொருளாளர், தணிக்கையாளர் என்று நீண்டு, ஊர்ச் சமாதான நீதிபதிகள் வரை ஒரே சீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சிறு முட்டை வடிவம். அதைப் பேனாவால் நிரப்ப வேண்டும். வாக்காளர் எந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்துகொள்ளும் வழக்கம் வெர்மான்ட்டில் கிடையாது. அந்தத் தேர்தலில் அம்மாநிலம் அதிபர் பதவிக்குக் கமலா ஹாரிஸையும், செனட்டுக்குச் சுயேச்சையான சாண்டர்ஸையும், ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டையும் மிகப் பெரிய வித்தியாசங்களில் தேர்ந்தெடுத்தது. ஒரே கை மூன்று பக்கம் பேனாவை நகர்த்தியிருக்கிறது.

நகருக்குள்ளும் ஒரே நிறம் இல்லை. வாடகைக் குடித்தனங்கள் நிறைந்த பழைய வடக்குப் பகுதி, அம்மாநிலத்தின் இடதுசாரிக் கட்சியான முற்போக்குக் கட்சியின் பக்கம் சாயும். சொந்த வீட்டுக்காரர்கள் மிகுந்த புதிய வடக்குப் பகுதியில் குடியரசுக் கட்சிக்கும் செல்வாக்கு உண்டு. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் உள்ளதுபோல, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வாக்கு முறையில் நடந்த 2009 மேயர் தேர்தலில், முதல் விருப்ப வாக்குகளில் 2,951 பெற்று முந்தியவர் குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட். ஆனால் மற்றவர்கள் நீக்கப்பட்டு அடுத்தடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபோது, 4,313-க்கு 4,061 என்ற கணக்கில் முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ் வென்றார். அடுத்த ஆண்டே மக்கள் அந்த முறையைக் குறுகிய வித்தியாசத்தில் வாக்களித்து ஒழித்தார்கள். பின்னர் மனம் மாறி, 2021-இல் நகரமன்றத்துக்கும் 2023-இல் மேயர் பதவிக்கும் திரும்பக் கொண்டுவர வாக்களித்தார்கள். 2012 முதல் ஜனநாயகக் கட்சியிடமிருந்த மேயர் பதவி 2024 மார்ச்சில் முற்போக்குக் கட்சியின் எம்மா மல்வேனி-ஸ்டானக்குக்குப் போனது. கோட்டை என்றால் இத்தனை வாசலா?

நெல்லை வாக்காளரும் இதே விவேகம் உள்ளவர்தான். 2021-இல் திருநெல்வேலி சட்டமன்றத் தொகுதியில் பாரதிய ஜனதா, 2022-இல் மாநகராட்சியில் திமுக, 2024-இல் மக்களவைக்குக் காங்கிரஸ். ஆயினும் மேயர் நாற்காலிக்கென்று நமக்குத் தனிச் சீட்டு இல்லை. கடைசியாக நாம் மேயருக்கு நேரடியாக வாக்களித்தது 2011 அக்டோபரில். 2022-இல் 55 மாமன்ற உறுப்பினர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் அவர் விலகியபோது அவர்களே இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தச்சநல்லூரில் குடிநீர் வரவில்லை என்று கோபப்படுகிறவர் அந்தக் கோபத்தைத் தம் வார்டு உறுப்பினரிடம் காட்டலாமே ஒழிய, மேயரிடம் காட்ட வழியில்லை. பக்கெட்டின் மீது பர்லிங்டன்காரர்களுக்கு வந்த எரிச்சல், மறைமுகத் தேர்தலாக இருந்திருந்தால் மன்றத்துக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கும். ஏனெனில் சாண்டர்ஸ் மேயரானபோது 13 பேர் கொண்ட அந்த மன்றத்தில் அவர் பக்கம் நின்றவர்கள் இரண்டே பேர்.

நேரடியாக வென்ற மேயருக்கும் எதிர்க்கட்சி மன்றத்துக்கும் இழுபறி வரும் என்ற வாதத்தை நான் அறிவேன். பர்லிங்டனில் அது வந்தது; முதல் ஆண்டில் சாண்டர்ஸ் நியமித்த அதிகாரிகளை மன்றம் ஏற்க மறுத்தது. அதன் பிறகும் மூன்று முறை மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். எனவே, இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே மேயருக்கு நேரடித் தேர்தல் நடத்தச் சட்டத்தைத் திருத்துமாறு அரசை வேண்டுகிறேன். தாங்களும் இதுபற்றி நான்கு மண்டலங்களிலும் வாசகர் கருத்தைக் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.